எல்லாரும் கைதட்டிய மூன்று புள்ளி ஆறு

அன்று காலை நாலாம் நம்பர் அறையில் இருந்தவர்கள்:

டாக்டர். முப்பது வயது இருக்கும். தமிழ்ப் பெண். பெரிய டாக்டர் லீவில் போனதால் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி கொஞ்சம் பெரிதாக இருந்தது.

சிஸ்டர். மலாய்க்காரர். கம்ப்யூட்டரை ஒற்றை விரலால் குத்துவார். புது டாக்டர்களையும் அப்படித்தான்.

தேவராஜ். அறுபத்திரண்டு வயது. கிள்ளான் பண்டமாரானில் வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் கல்யாண விருந்துகளில் பாடுகிறவர். அன்றைய நோயாளி.

சாந்தா அக்கா. அவர் மனைவி. கையில் விபூதிப் பொட்டலம்.

மணியம். தேவராஜின் குழுவில் கீபோர்ட் வாசிப்பவர். பிரிக்பீல்ட்ஸ்காரர். அந்த அறையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. வந்திருந்தார்.

தேவராஜின் தலைமுடி. அதையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு அது இல்லை.

கடைசியில் நான். அட்டெண்டன். பெண் டாக்டர் ஆண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது கதவோரம் ஓர் ஆண் நிற்க வேண்டும் என்பது விதி. முப்பத்தோரு வருட சர்வீஸில் நான் எட்டிய உயர்ந்த பதவி அதுதான். நிற்பது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். எனக்கு மேடையில் பேச வராது. எழுதித் தருகிறேன் என்றேன். தோட்டப் பள்ளியில் ஆறு வருஷம் படித்தவன். அதற்கு ஏற்றபடிதான் இருக்கும்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுவது எப்படி என்று எழுதப் போவதில்லை. அதற்கு ஒரு நாள் கோர்ஸ் இருக்கிறது. முடிவில் சான்றிதழும் கறிப்பாப் பலகாரமும் தருவார்கள். இரண்டில் ஒன்று சூடாக இருக்கும்.

நான் வேலை பார்த்தது ஆண்களின் மூத்திரக் கோளாறு கிளினிக். கிள்ளானில்தான். ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே ப்ரோஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே அறுபது வயதில்தான் தெரியும். வீட்டு மெயின் சுவிட்ச் மாதிரி. கரண்ட் போனால்தான் எங்கே என்று தேடுவார்கள்.

அதில் புற்று வந்திருக்கிறதா என்று பார்க்க முதலில் ரத்தம் எடுப்பார்கள். பி.எஸ்.ஏ. என்று ஒரு நம்பர் வரும். ஏறினால் கவலை, இறங்கினால் கொண்டாட்டம். வைத்தியமே அவ்வளவுதான் என்று வெளியே உட்கார்ந்திருக்கும் ஆண்கள் நினைத்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களிலும் சிலர் அப்படித்தான்.

வெளியே அந்த நம்பருக்கு வேறு மரியாதையும் உண்டு. "உங்களுக்கு எவ்ளோ அங்கிள்?" "ஆறு புள்ளி எட்டு லா." உடனே ஒருவர் நாலு நம்பர் லாட்டரிக்கு சைபர் சைபர் ஆறு எட்டு என்று குறித்துக்கொள்வார். காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஓர் அங்கிள், தன் நம்பருக்கு ராசி இல்லை என்று அடுத்தவர் நம்பரைத்தான் எடுப்பார். புற்று வந்த வீட்டுக்கு முதல் பரிசும் வரும் என்று நம்புகிற ஆட்கள் நாம். குறையாகச் சொல்லவில்லை.

முன்னேற்றத்தைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் நம்பர் ஏறினால் நேரே ஊசிதான். பின்வாசல் வழியாக, கண்ணைக் கட்டிக்கொண்டு சுடுவது மாதிரி, பன்னிரண்டு இடத்தில். புற்றின் மேல் பட்டால் பட்டது. மறுநாள் நடுங்கும் காய்ச்சலோடு சிலர் திரும்பி வருவார்கள். அவர்களை வார்டுக்குத் தள்ளுவேன். இப்போது முதலில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கிறார்கள். சந்தேகமான இடம் எது என்று பார்த்துவிட்டு, கால்களுக்கு நடுவில் தோல் வழியாக ஊசி போகிறது. காய்ச்சல் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் குத்தலாம் என்பதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இன்னொரு முன்னேற்றம், ஒன்றும் செய்யாமல் இருப்பது. சிரிக்காதீர்கள். புற்று சாதுவாக இருந்தால் வெட்ட மாட்டார்கள். கதிர் பாய்ச்சும் கரண்டும் வைக்க மாட்டார்கள். மாதக் கணக்கு வைத்து ரத்தம், வருஷக் கணக்கு வைத்துப் படம், தேவைப்பட்டால் மறுபடி ஊசி. கண்காணிப்பார்கள். முன்பெல்லாம் சாதுப் புற்றையும் வெட்டி எறிந்தார்கள். மனிதர் பிழைப்பார், ஆனால் ஈரப் பேட் கட்டிக்கொண்டு அலைவார். இப்போது அந்த அவஸ்தை பலருக்கு இல்லை. ஒரே ஒரு நிபந்தனை. கண்காணிக்கிறேன் என்று சொன்னவன் கண்காணிக்க வேண்டும்.

தேவராஜ் அந்த வகை. அவருக்குப் பெரிய டாக்டர் இப்படி விளக்கினார்: "உங்களுக்கு இருக்கிறது லோரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. மெதுவா வரும். நாம பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருக்கணும்."

"கண்டக்டர் தூங்கிட்டா?" என்று கேட்டார் தேவராஜ்.

துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சரியான கேள்விதான் கேட்டார்.

அவருடைய முதல் எம்.ஆர்.ஐ. அன்று நான்தான் உடன் போனேன். அந்த மெஷினுக்குள் இரும்பு போகக் கூடாது. மோதிரம், பெல்ட், சங்கிலி எல்லாம் கழற்றினார். "இன்னும் ஏதாவது இருக்கா அண்ணே?" என்றேன். சுற்றிலும் பார்த்தார். தலையில் கை வைத்தார். கழற்றிக் கொடுத்தார். விக். உள்ளே நாலு இரும்புக் கிளிப். கீழே மொட்டைப் பாறை.

நாற்பது நிமிஷம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பூனைக்குட்டி என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் வாங்கித் தலையில் வைத்தார். "தம்பி, வெளிய சொல்லாத. மேடையில பாடுற ஆளு நான்."

"நான் எதையும் பாக்கல அண்ணே."

இது எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்லும் வாக்கியம். ரொம்ப மரியாதையான வாக்கியம். ரொம்ப ஆபத்தானதும். எப்படி என்று சொல்ல, அதற்குச் சில வருஷம் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

வேறொருவர். புற்று எலும்புக்குப் போய்விட்டவர். மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி, அது ஆண் ஹார்மோனை அடக்கி வைக்கும். நன்றாகத்தான் இருந்தார். ஒரு நாள் முதுகு வலி என்று சக்கர நாற்காலி கேட்டார். தள்ளிக்கொண்டு வந்தேன். கால் வைக்கும் தட்டில் காலைத் தூக்கி வைக்கவில்லை. தரையில் இழுபட்டது.

"என்ன அங்கிள், காலை வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்றேன்.

சிரித்தார். "ரெண்டு நாளா சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது தம்பி."

குனிந்து என் கையாலேயே தூக்கி வைத்தேன். கனமாக இருந்தது. தன் காலைத் தானே தூக்க முடியாத மனிதனின் கனம். எனக்குத் தெரிந்தது. அறைக்குள் டாக்டர், "எப்படி இருக்கீங்க?" என்றார். "நல்லா இருக்கேன்" என்றார் அவர். நம் ஆட்கள் தூக்கில் தொங்கினாலும் அதைத்தான் சொல்வார்கள். ஊசி போட்டார்கள். அனுப்பினார்கள். நான் கதவோரம் நின்றேன். எதையும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ஆம்புலன்ஸில் வந்தார். முதுகெலும்புக்குள் புற்று நரம்பை அழுத்தியிருந்தது. கால் மரத்த அன்றே பிடித்திருந்தால் நடந்திருக்கலாம் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். அதன் பிறகு அவர் நடக்கவில்லை.

என்னை யாரும் கேட்கவில்லை. விசாரணை ஃபாரத்தில் அட்டெண்டன் என்ன பார்த்தான் என்பதற்குக் கட்டம் இல்லை. நிம்மதிதான். ஆனால் அவர் என் கிண்டலுக்குச் சிரித்தார். அது போகவே இல்லை.

இப்போது நாலாம் நம்பர் அறைக்கு வாருங்கள்.

தேவராஜ் நடுவில் ஒரு டெஸ்டுக்கு வரவில்லை. கல்யாண சீசன். அன்றைக்குத்தான் வந்தார், விக் இல்லாமல். உச்சியில் கருப்பும் வெள்ளையுமாக முளைத்திருந்தது. அடர்த்தி என்று சொல்ல முடியாது. வீடமைப்புத் திட்டத்தில் புதிதாகப் புல் பதித்த மாதிரி, மண்ணும் தெரிந்தது. ஆனால் முடிதான்.

சிஸ்டர் மருந்தெல்லாம் காட்டச் சொன்னார். சாந்தா அக்கா பிளாஸ்டிக் பையை மேசையில் கொட்டினார். பிரெஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. சிஸ்டர் கம்ப்யூட்டரோடு சரிபார்த்தார். எல்லாம் சரி.

டாக்டர் ஸ்கிரீனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அங்கிள், குட் நியூஸ். போன தடவை ஆறு புள்ளி எட்டு. இப்போ மூணு புள்ளி ஆறு."

"முருகா!" என்றார் சாந்தா அக்கா. "நாப்பத்தெட்டு நாள் விரதம் டாக்டர். ஒரு நாள் விடல."

"நான் சொன்னேன்ல, தினம் தக்காளி சாப்பிடுன்னு" என்றார் மணியம்.

"பூனைமீசை இலையும் அவிச்சுக் குடுத்தேன்" என்றார் அக்கா, தக்காளிக்குப் பங்கு போய்விடக் கூடாது என்று.

"சாப்பாட்டுக் கட்டுப்பாடும் காரணமா இருக்கலாம்" என்றார் டாக்டர். போன தடவை அதைச் சொன்னது அவர்தான்.

ஒரு நம்பர். அதற்கு மூன்று சொந்தக்காரர்கள். சாந்தா அக்கா கைதட்டினார். மணியம் தட்டினார். டாக்டரும் சிரித்துக்கொண்டே இரண்டு தட்டு. நானும் தட்டினேன். அதை மறைக்கவில்லை. சிஸ்டர் மட்டும் தட்டவில்லை, அவருக்குக் கை வேலையாக இருந்தது.

"அடுத்த மாசம் எம்.ஆர்.ஐ. இருக்கு" என்றார் டாக்டர். "நம்பர் இவ்ளோ இறங்கியிருக்கு. வெளிய கியூ ரொம்ப நீளம். புது ஆளுங்க காத்திருக்காங்க. உங்களுக்கு ஒரு வருஷம் தள்ளி வெக்கலாமா அங்கிள்?"

"தள்ளுங்க டாக்டர், நல்லா தள்ளுங்க" என்றார் தேவராஜ். "அதுக்குள்ள படுத்தா என்னையே கண்டெய்னர்ல அடைச்சு ஏத்துமதி பண்ற மாதிரி இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரின் கை மௌஸுக்குப் போனது. அந்தக் காலத்தில் தேதியை மாற்ற மூன்று கையெழுத்து வேண்டும். அதற்குள் யாருக்காவது புத்தி வந்துவிடும். இப்போது ஒரு கிளிக். அதுவும் முன்னேற்றம்தான்.

அப்போதுதான் சாந்தா அக்கா பெருமையாகச் சொன்னார்: "தலையப் பாருங்க டாக்டர்! நான் காய்ச்சின எண்ணெய். கரிசலாங்கண்ணி. எட்டு மாசத்துல எப்படி வந்திருக்கு! பண்டமாரான்ல பாதிப் பேரு இப்ப இதத்தான் தடவுறாங்க."

தேவராஜ் தரையைப் பார்த்தார். மணியம் மேலே குளிர்காற்று விட்டுக்கொண்டிருந்த ஏர்கோண்டைப் பார்த்தார்.

நான் அந்த இரண்டு பேரையும் பார்த்தேன்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் எங்கள் கிளினிக்கில் ஒரு டாக்டர் இருந்தார். வயதானவர். யாரோடும் நல்ல வார்த்தை பேச மாட்டார். ப்ரோஸ்டேட் வீங்கி மூத்திரம் போக முடியாதவர்களுக்கு ஒரு மாத்திரை கொடுப்பார். கொடுத்த கையோடு ஃபைல் அட்டையில் சிவப்புப் பேனாவில் பெரிதாக "x 2" என்று எழுதுவார். அந்த ஃபைல்களை நான்தான் தூக்கிக்கொண்டு நடப்பேன். ஒரு நாள் அது ஏன் என்று கேட்டுவிட்டேன்.

"இந்த மாத்திரை நம்பரைப் பாதியாக்கிடும்" என்றார். "நோய் அப்படியே இருக்கும், நம்பர் மட்டும் படுத்துக்கும். அதனால இரண்டால் பெருக்கிப் பார்க்கணும். பெருக்க மறந்த முட்டாள் சந்தோஷப்படுவான்."

அந்த மாத்திரை சாப்பிட்ட கிழவர்கள் சிலர் வார்டில் முடி முளைக்கிறது என்று கிண்டலடித்துக்கொள்வார்கள். மருந்துக் கடைப் பெண் ஒருமுறை சொன்னார், அதே சரக்கைச் சின்ன அளவில் வழுக்கைக்கு விற்கிறார்கள் என்று.

பாதியான நம்பர். முளைத்த முடி. ஏர்கோண்டைப் பார்க்கும் நண்பர்.

இதைக் கூட்டுவதற்கு ஆறாம் வகுப்பு போதும். வாயைத் திறப்பதற்குத்தான் போதவில்லை. நினைத்தது தவறாக இருந்தால்? ஒரு மனிதனின் முடியைப் பற்றி அவன் மனைவி முன்னால் கேட்டவன் ஆவேன். சரியாக இருந்தாலும் அதேதான். ஓய்வு பெற எனக்கு இரண்டு வருஷம் இருந்தது. மௌஸ் மேல் விரல் இருந்தது. தட்டில் ஏறாத அந்தக் கால் என் கையில் கனத்தது.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றேன்.

கதவு பேசிவிட்ட மாதிரி எல்லாரும் திரும்பினார்கள்.

"இவருக்கு இடுப்புக்குக் கீழ பரிசோதனை இருக்கே. அக்கா வெளிய இருந்தா நல்லது."

பரிசோதனை எதுவும் இல்லை. டாக்டர் வாயைத் திறந்தார். சிஸ்டர் என் முகத்தை ஒரு முறை பார்த்தார். அவருடைய முப்பது வருஷ சர்வீஸ் சும்மா இல்லை. "வாங்க காக்கா, வெளிய உக்காரலாம் லா" என்று, மலாயில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு, சாந்தா அக்காவின் தோளில் கை போட்டுக் கூட்டிப் போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

"அண்ணே, முடிக்கு என்ன சாப்பிடுறீங்க?"

"எண்ணெய் தம்பி."

"தடவுறதக் கேக்கல. முழுங்குறத."

தேவராஜின் முகம் சிவந்தது. "யோவ், நீ கதவு பாக்குற ஆளு. என் முடியப் பத்திப் பேச நீ யாரு? கம்ப்ளேன் போடுவேன்."

"போடுங்கண்ணே. ஃபாரம் கவுன்டர்ல இருக்கு. மூணு பக்கம். அத எழுதி முடிக்கிற நேரத்துல இதுக்கும் ஒரு பதில் சொல்லிடலாம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். தேவராஜின் தலையைப் பார்த்தார். ஸ்கிரீனைப் பார்த்தார். மௌஸிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது அது அவருக்கு அளவாக இருந்தது.

"அங்கிள், ஃபினாஸ்டரைட் எடுக்கிறீங்களா? முடி மாத்திரை?"

தேவராஜ் மணியத்தைப் பார்த்தார்.

மணியம் பர்ஸைத் திறந்தார். உள்ளிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "பாஸ், தப்பு என்னுது. நான்தான் இன்டர்நெட்ல ஆர்டர் பண்ணிக் குடுத்தேன். நானும் அதத்தான் சாப்பிடுறேன்."

நாங்கள் மூன்று பேரும் மணியத்தின் தலையைப் பார்த்தோம். வெளிச்சம் பட்டு மின்னியது.

"அவனுக்கு மண்ணு சரியில்ல" என்றார் தேவராஜ்.

"ஏன் அங்கிள் சொல்லல?" என்றார் டாக்டர். "சிஸ்டர் எல்லா மருந்தையும் காட்டச் சொன்னாங்களே."

"மருந்துன்னா சீக்குக்குச் சாப்பிடுறது. வழுக்கை சீக்கா டாக்டர்?"

நியாயமான கேள்வி. எங்கள் ஃபாரத்தை எழுதியவர் தலையில் முடி நிறைய இருந்திருக்கும்.

"ஆன்டிக்குத் தெரியுமா?"

"எப்படிச் சொல்றது? தன் எண்ணெய்யாலதான்னு ஊரெல்லாம் சொல்லிட்டா. கோயில்ல போத்தல் போத்தலா குடுக்குறா. கல்யாணம் ஆகி முப்பத்தஞ்சு வருஷத்துல இவ்ளோ சந்தோஷமா அவளப் பாத்ததில்ல." குரல் இறங்கிவிட்டது. "மாத்திரன்னு சொன்னா அவ மூஞ்சி என்ன ஆகும்?"

விக் வைத்த மனிதனின் ஜம்பம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதிலும் பாதிதான் சரி.

டாக்டர் ஒரு தாளை எடுத்து எழுதினார். மூன்று புள்ளி ஆறு. பெருக்கல் இரண்டு. தேவராஜ் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இந்த மாத்திரை புற்றக் கொண்டு வராது அங்கிள். ஆனா நம்பர மறைச்சிடும். உங்க நம்பர் ஏழு புள்ளி ரெண்டு பக்கம் இருக்கும்."

"அப்ப குறையலயா?"

"கொஞ்சம் ஏறியிருக்கு."

"அப்ப விரதம்?"

"அது உங்களுக்கும் முருகனுக்கும் உள்ளது. எம்.ஆர்.ஐ. எனக்கும் உங்களுக்கும் உள்ளது. தள்ளி வெக்கல. முன்னாடி இழுக்கிறேன்."

இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

படம் எடுத்தார்கள். பழைய புள்ளி பெரிதாகியிருந்தது. ஊசி போனது, புது வழியில், புள்ளியைப் பார்த்து. காய்ச்சல் வரவில்லை. முடிவு வந்தது. சாது இப்போது சாது இல்லை. லோரி ரிவர்ஸை விட்டு முதல் கியருக்கு மாறியிருந்தது. உடம்பு முழுக்க இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். புற்று செல் எங்கே இருந்தாலும் போய் ஒட்டிக்கொண்டு விளக்குப் போடும் ஒரு மருந்தை ஏற்றி எடுப்பது. சுரப்பியில் மட்டும்தான் விளக்கு எரிந்தது. வெளியே எங்கும் இல்லை.

ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருந்தால் விளக்கு எங்கெங்கே எரிந்திருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். "தெரியாது அண்ணே" என்றார். "தெரியாம இருக்கிறது நல்லது." தெரியாது என்று சொல்லும் டாக்டர்களை எனக்குப் பிடிக்கும். அபூர்வம்.

ஆபரேஷன் கோலாலம்பூரில், ரோபோ வைத்து. லீவு போட்டு நானும் போனேன். எதற்கு என்று கேட்காதீர்கள். எனக்கு வேண்டியிருந்தது. மெஷினுக்கு நாலு கை. டாக்டர் ஆபரேஷன் அறையின் மூலையில் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, அங்கிருந்து ஓட்டுவார் என்று தேவராஜுக்குச் சொன்னேன்.

"முப்பது வருஷம் நான் பாத்த வேலதான்யா இது" என்றார். "தூரத்துல உக்காந்து கொக்கி போடுறது. அவருக்கு லைசன்ஸ் இருக்கான்னு கேளு."

மணியம் வெளியே உட்கார்ந்து அழுதார். சாந்தா அக்கா அவருக்கு விபூதி வைத்துவிட்டார்.

மாத்திரையை நிறுத்தியதால் முடி உதிர்ந்தது. ஒரு நாள் சாந்தா அக்கா கவுன்டரில் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க ஸ்கேன் மெஷின் என் புருஷன் முடியத் தின்னுடுச்சு! எவ்ளோ அருமையா வளத்தேன்!"

"ஆமாக்கா" என்றேன். "ரொம்ப பவர் உள்ள மெஷின்."

பக்கத்தில் தேவராஜ் நின்றார். விக் வைத்திருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். விக் ஆடாத அளவுக்கு. எண்ணெய் இன்னும் பண்டமாரானில் ஓடுகிறது. அதில் ஒரு கெடுதலும் இல்லை. முடியும் வராது.

மூன்று மாதம் கழித்து வந்த நம்பர் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு. வெளியே காப்பார் அங்கிள் ஆவலாகக் கேட்டார். தேவராஜ் நம்பரைச் சொன்னார். "இதை எப்படி எடுக்கிறது? சைபர் சைபர் சைபர் ரெண்டா? என்னய்யா நம்பர் இது" என்று காப்பார் அங்கிள் முகத்தைச் சுளித்தார். அந்த நம்பருக்காக எத்தனை பேர் அலைகிறார்கள் என்று அவருக்கும் தெரியும். அவருடைய சொந்த நம்பர் பதினாலில் நின்றது.

போன வைகாசியில் கிள்ளானில் ஒரு கல்யாண விருந்துக்குப் போனேன். மேடையில் தேவராஜ். குரல் அப்படியே இருந்தது. மூன்று பாட்டுக்கு ஒரு தடவை மேடையை விட்டு இறங்கிப் போவார். அவர் திரும்பும்வரை மணியம் கீபோர்டில் தனியாக வாசித்துச் சமாளிப்பார். கூட்டம் அதை ஏற்பாடு என்று நினைத்துக் கைதட்டியது. ஆபரேஷனுக்குப் பிறகு மூத்திரம் அடங்க மாதங்கள் ஆகும். முதலில் ஒரு பாட்டுக்கு ஒரு தடவையாம். அதுவும் முன்னேற்றம்தான்.

என்னை யாரும் பாராட்டவில்லை. பெரிய டாக்டர் லீவிலிருந்து வந்து, இல்லாத பரிசோதனை ஒன்றைச் சொல்லி நோயாளியின் மனைவியை வெளியே அனுப்பியதற்கு எழுத்தில் விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். இரண்டு வரி. படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சிஸ்டர் வேறு வேலை செய்தார். கம்ப்யூட்டரில் புதுக் கேள்வி சேர்க்கக் கமிட்டி கூட வேண்டும் என்றார்கள். கமிட்டி கூடவில்லை. அவர் ஓர் அட்டையில் எழுதி, எடை மெஷினுக்கு மேல் டேப் போட்டு ஒட்டினார். முடிக்கு? பலத்துக்கு? தூக்கத்துக்கு? அழகுக்கு? கேட்கிற வேலை எனக்கு வந்தது. மனைவியை வெளியே உட்கார வைத்துவிட்டு, ஆளை மெஷினில் ஏற்றி, செருப்பில்லாமல் நிற்கும்போது கேட்பேன். செருப்பைக் கழற்றிய ஆண் அதிகம் பொய் சொல்வதில்லை. ஏன் என்று தெரியாது.

அதனால் உங்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கதவோரம் நிற்கிறவனுக்கும் கண் உண்டு. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்வது மரியாதை என்று உங்களுக்கு யாராவது சொல்லித் தருவார்கள். நானும் அப்படிச் சொல்லித் தந்திருக்கிறேன். அதை மறந்துவிடுங்கள். தவறாகக் கேட்டால் திட்டு விழும். மூன்று பக்க ஃபாரம் வரும். கேட்காமல் விட்டால் ஒன்றும் வராது. அதுதான் பயப்பட வேண்டியது.

முடி மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் மெஷினுக்குப் பின்னால் தொங்கிய காலண்டரில் ஒரு கோடு போட்டேன். அவர்களில் ஒருவர் பெயருக்கு எதிரிலும் கம்ப்யூட்டரில் அந்த மாத்திரை இல்லை. ஓய்வு பெற்ற அன்று காலண்டர்களைக் கழற்றிக் கோடுகளை எண்ணினேன்.

பதினேழு.